12 ஞாயிற்றுக்கிழமைச் சம்பளம்

பிள்ளை பெறும் பெண்ணுக்குச் சட்டம் என்ன தருகிறது?

வாரத்துக்கு 6 நாள் வேலை. ஞாயிற்றுக்கிழமை லீவு. வேலை செய்த நாளுக்குத்தான் கூலி. ஞாயிற்றுக்கிழமைக்குக் கூலி கிடையாது.

இந்த வழக்கப்படி ஒரு தோட்டத்தில் வேலை பார்த்து வந்தார் ஒரு பெண். கோவைத் தொழிலாளர் கோர்ட்டின் எல்லைக்குள் இருந்த தோட்டம் அது.

1967-ம் ஆண்டில் அந்தப் பெண் கர்ப்பமாக இருந்தார். பிரசவ லீவு கேட்டு நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுத்தார். நிர்வாகமும் மறுக்காமல் லீவு கொடுத்தது. டிசம்பர் மாதம் பிரசவம் ஆயிற்று.

அன்றைய சட்டப்படி அவருக்கு 12 வாரச் சம்பளம் வர வேண்டும். பணம் வந்தது. எண்ணிப் பார்த்தால் 72 நாள் சம்பளம்தான் இருந்தது.

12 வாரம் என்றால் 84 நாள் ஆயிற்றே, மீதி 12 நாள் எங்கே போயிற்று?

நிர்வாகம் ஒரு கணக்குச் சொன்னது. "வாரத்தில் ஞாயிற்றுக்கிழமைக்கு எப்போதுமே கூலி இல்லை. இந்தப் பெண் லீவு எடுக்காமல் வேலைக்கு வந்திருந்தாலும், அந்த 12 ஞாயிற்றுக்கிழமைக்குக் கூலி கிடைத்திருக்காது. ஆகையால் பிரசவ லீவிலும் கிடையாது" என்பது அந்தக் கணக்கு.

கணக்கப்பிள்ளையின் நோட்டில் இது சரியாகத்தான் இருக்கும். ஆனால் பெற்றவள் மடியில் கிடக்கும் பிள்ளைக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியுமா? அன்று மட்டும் அதற்குப் பசிக்காமல் இருக்குமா?

அந்தப் பெண் பேசாமல் இருந்துவிடவில்லை. கோவைத் தொழிலாளர் கோர்ட்டுக்குப் போனார். அந்த 12 நாள் சம்பளத்தையும் கொடுக்க வேண்டும் என்று கோர்ட்டு சொல்லிற்று.

நிர்வாகமும் விடவில்லை. வழக்கு ஐகோர்ட்டுக்குப் போயிற்று. அங்கிருந்து டில்லிக்கு, சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. வருஷங்கள் ஓடின. 1967-ல் பிறந்த பிள்ளைகள் எல்லாம் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புக்கு வந்துவிட்டார்கள்.

1977-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு அளித்தது. வாரம் என்றால் 7 நாள். ஞாயிற்றுக்கிழமையும் அதில் ஒரு நாள். பிள்ளை பெற்றவள் உயிர் வாழ்ந்தால் மட்டும் போதாது. இழந்த பலத்தை அவள் திரும்பப் பெற வேண்டும். பிள்ளைக்குப் பால் கொடுத்து வளர்க்க வேண்டும். பழையபடி வேலைக்குத் திரும்பும் தெம்பும் வேண்டும். இதற்காக வந்த சட்டத்தை, கொடுப்பதைக் குறைக்கும் விதத்தில் படிக்கக் கூடாது. இதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம்.

சண்டை 12 நாள் கூலிக்காகத்தான். ஆனால் அந்தத் தீர்ப்பால் பயன் அடைந்தது அந்த ஒரு பெண் மட்டும் அல்ல. இன்று நாட்டில் எந்த ஆலையில், எந்தத் தோட்டத்தில் பிரசவ லீவுப் பணம் கணக்குப் போட்டாலும் ஞாயிற்றுக்கிழமையும் சேர்ந்தே வருகிறது.

எட்டணாவில் தொடங்கியது

பிள்ளை பெறுவதற்குச் சம்பளத்தோடு லீவா என்று அந்தக் காலத்தில் சிரித்தவர்கள் உண்டு. ஆலையில் வேலை செய்யும் பெண், வலி எடுக்கும் வரை நூல் நூற்றாள். பெற்ற சில நாளில் பச்சை உடம்போடு திரும்பி வந்தாள். வராவிட்டால் அந்த இடத்தில் வேறு ஆள் இருப்பாள்.

1919-ல் உலகத் தொழிலாளர் மாநாடு கூடியது. பேறுகாலத்தில் பெண்களுக்கு 12 வாரம் ஓய்வும் உதவிப் பணமும் தர வேண்டும் என்று அங்கு முடிவு செய்தார்கள். அந்தப் பேச்சு இந்தியாவுக்கும் வந்தது.

பம்பாய்ச் சட்டசபையில் 1928-ல் இதற்கு ஒரு மசோதா வந்தது. அதை ஆதரித்துப் பேசியவர்களில் ஒருவர் டாக்டர் அம்பேத்கர். பிரசவத்துக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டுக்கே நன்மை என்று அவர் வாதாடினார். இந்தச் செலவில் பெரும் பங்கை சர்க்காரே ஏற்பதுதான் நியாயம் என்பதும் அவர் கருத்து.

1929-ல் பம்பாயில் சட்டம் வந்தது. நாளைக்கு எட்டணாக் கணக்கில் உதவிப் பணம். சென்னை மாகாணத்துக்கு 1934-ம் ஆண்டுச் சட்டம் வந்தது. மாகாணத்துக்கு மாகாணம் கணக்கு வேறாக இருந்தது.

நாடு முழுவதற்கும் ஒரே சட்டம் 1961-ல் வந்தது. 12 வாரம் லீவு, முழுச் சம்பளம். தோட்டத்துப் பெண் வழக்குப் போட்டது இந்தச் சட்டத்தின் கீழ்தான். 2017 ஏப்ரலில் 12 வாரம் 26 வாரம் ஆயிற்று.

2025 நவம்பர் 21-ந் தேதி முதல் அந்த 1961-ம் ஆண்டுச் சட்டம் தனிச் சட்டமாக இல்லை. சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு என்ற பெரிய சட்டத்துக்குள் ஓர் அத்தியாயமாகச் சேர்ந்துவிட்டது. இதைக் கேட்டுச் சிலர் பயந்து போனார்கள். பயப்படத் தேவை இல்லை. 26 வாரம் அப்படியே இருக்கிறது. பழைய உரிமைகள் பெரும்பாலும் அதே வார்த்தைகளில் புதிய சட்டத்திலும் இருக்கின்றன.

80 நாள் போதும்

யாருக்கு இந்த உரிமை உண்டு? பலருக்குக் குழப்பம் இங்கேதான் வருகிறது. "நான் தினக் கூலி. எனக்கு ஏது லீவு?" என்கிறாள் ஒருத்தி. "நான் காண்டிராக்ட் ஆள். பெர்மனென்ட் ஆனால்தான் தருவார்களாம்" என்கிறாள் இன்னொருத்தி.

இரண்டும் தவறு.

ஆலை, சுரங்கம், தோட்டம் ஆகியவற்றில் வேலை செய்யும் பெண்களுக்கு உரிமை உண்டு. 10 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் கடைக்கும் கம்பெனிக்கும் உண்டு. பிரசவம் ஆகும் என்று டாக்டர் குறிக்கும் தேதிக்கு முந்திய 12 மாதத்தில் 80 நாள் வேலை பார்த்திருக்க வேண்டும். அவ்வளவுதான். வேலை நிரந்தரமா, தினக் கூலியா என்று சட்டம் கேட்கவில்லை.

டில்லி மாநகராட்சியில் பெண்கள் பலர் தினக் கூலிக்கு வேலை பார்த்தார்கள். சாலை போட்டார்கள். பள்ளம் தோண்டினார்கள். வருஷக் கணக்கில் வேலை பார்த்தும் அவர்கள் பெயர் தினக் கூலிப் பட்டியலில்தான் இருந்தது. நிரந்தர ஊழியர்களுக்குப் பிரசவ லீவு உண்டு, உங்களுக்கு இல்லை என்றது மாநகராட்சி. வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்கு வந்தது. 2000-ம் ஆண்டு மார்ச் மாதம் தீர்ப்பு. தினக் கூலிப் பெண்களுக்கும் பிரசவ லீவும் சம்பளமும் கொடுக்க வேண்டும் என்று கோர்ட்டு உத்தரவிட்டது.

காண்டிராக்ட் முடிந்துவிட்டால்? இதற்கும் ஒரு வழக்கு உண்டு. ஒப்பந்தத்தில் வேலை பார்த்த டாக்டர் ஒருவர் பிரசவ லீவு கேட்டார். லீவு தொடங்கிய சில நாளில் ஒப்பந்த காலம் முடிந்துவிடும். ஆகையால் அந்தச் சில நாளுக்கு மட்டும்தான் பணம் என்றார்கள். படித்தவர், டாக்டர், அவருக்கே இந்தக் கதி. 2023 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டு அவருக்கு ஆதரவாகத் தீர்ப்புச் சொல்லிற்று. உரிமை ஒரு தடவை உண்டாகிவிட்டால், ஒப்பந்தம் முடிந்த பிறகும் முழுக் காலத்துக்கும் பணம் தர வேண்டும்.

26 வாரம் எப்படி?

26 வாரத்தில் 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன்னால் எடுத்துக் கொள்ளலாம். மீதி 18 வாரம் பிரசவத்துக்குப் பின்னால். முன்னால் குறைவாக எடுத்தால் பின்னால் அதிகம் கிடைக்கும். உடம்பு இடம் கொடுத்தால், கடைசி வரை வேலை பார்த்து, பிள்ளையோடு இருக்கும் காலத்தை நீட்டிக் கொள்ளும் பெண்கள் உண்டு. அது அவள் இஷ்டம்.

ஆனால் பிரசவத்துக்குப் பிறகு 6 வாரம் அவள் இஷ்டம் கூட இல்லை. அந்த 6 வாரம் அவளுக்கு வேலை கொடுக்கக் கூடாது. அவளும் வேலைக்குப் போகக் கூடாது. வீட்டில் கஷ்டம், கை மாற்றுக் கடன் என்று முப்பதாம் நாளே அனுப்பி வைக்கும் குடும்பங்கள் உண்டே, அதற்காகத்தான் சட்டம் இப்படிக் கண்டிப்பாக இருக்கிறது.

வயிற்றில் பிள்ளையோடு வேலைக்கு வரும்போதும் பாதுகாப்பு உண்டு. பிரசவத்துக்கு 10 வாரம் இருக்கும்போது, "என்னால் முடியவில்லை" என்று அவள் கேட்டுக் கொண்டால், பாரம் தூக்கும் வேலையும் நெடு நேரம் நிற்க வைக்கும் வேலையும் தரக் கூடாது. இலேசான வேலை கொடுத்தார்கள் என்பதற்காகச் சம்பளத்தைக் குறைக்கவும் கூடாது.

இரண்டு பிள்ளைகள் உயிரோடு இருக்கும்போது மூன்றாவது பிள்ளை என்றால் 26 வாரம் கிடையாது. 12 வாரம் உண்டு. "மூன்றாவது பிள்ளைக்கு ஒன்றுமே இல்லை" என்று சில இடங்களில் கை விரிக்கிறார்களாம். இந்தச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. பிள்ளையைத் தத்து எடுத்துக் கொள்ளும் தாய்க்கும் 12 வாரம் உண்டு.

கரு கலைந்துவிட்டால் 6 வாரம் சம்பளத்தோடு லீவு. இது பல பெண்களுக்குத் தெரியாது. தெரிந்தாலும் வெளியில் சொல்லக் கூச்சம். இரண்டு நாள் தலைவலி என்று சொல்லிவிட்டு மூன்றாம் நாள் வேலைக்கு வந்து நிற்கிறார்கள். டாக்டர் சர்டிபிகேட் ஒன்று போதும். 6 வாரம் ஓய்வு எடுக்கலாம். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்து கொண்டால் 2 வாரம். கர்ப்பத்தினாலோ பிரசவத்தினாலோ நோய் வந்தால், ஏற்கனவே உள்ள லீவுக்கு மேல் இன்னும் ஒரு மாதம் வரை.

பணக் கணக்கு

லீவு தொடங்குவதற்கு முந்திய 3 மாதச் சம்பளத்தைப் பார்க்க வேண்டும். அந்த 3 மாதத்தில் வேலை செய்த நாள்களுக்கு, ஒரு நாளுக்குச் சராசரி எவ்வளவு என்று கணக்குப் போட வேண்டும். அந்தச் சராசரிதான் லீவு நாள் ஒவ்வொன்றுக்கும் சம்பளம்.

தோட்டத்தில் வேலை செய்யும் ஒரு பெண்ணுக்கு நாள் கூலி சராசரி 500 ரூபாய் என்று வைத்துக் கொள்வோம். 26 வாரத்துக்கு 182 நாள். 182 நாளுக்கு 91,000 ரூபாய்.

பிரசவத்துக்கு முன் 8 வாரம், அதாவது 56 நாள், லீவு எடுக்கிறாள். அதற்கு உரிய 28,000 ரூபாயை முன்பணமாகவே கொடுத்துவிட வேண்டும். கர்ப்பம் என்பதற்கு டாக்டர் சர்டிபிகேட் காட்டினால் போதும். மீதி 126 நாளுக்கு 63,000 ரூபாய். பிள்ளை பிறந்ததற்கு அத்தாட்சி கொடுத்த 48 மணி நேரத்துக்குள் அதையும் கொடுக்க வேண்டும். "லீவு முடிந்து வா, பார்க்கலாம்" என்று சொல்வதற்கு இடமே இல்லை.

இதே கணக்கில் ஞாயிற்றுக்கிழமைகளை நீக்கினால் 156 நாள்தான். 78,000 ரூபாய்தான் கிடைக்கும். வித்தியாசம் 13,000 ரூபாய். அந்தத் தோட்டத்துப் பெண் கோர்ட்டுப் படி ஏறியதால் மற்றத் தாய்மார்களுக்குக் கிடைத்தது இது.

பிரசவத்துக்கு முன்னும் பின்னும் முதலாளி இலவச வைத்திய வசதி செய்து கொடுக்காவிட்டால், சம்பளத்துக்கு மேல் 3,500 ரூபாய் வைத்தியச் செலவுக்கும் தர வேண்டும்.

இ.எஸ்.ஐ. கார்டு இருந்தால்

ஆலையிலும் கடையிலும் வேலை செய்யும் பெண்களில் ஏராளமானவர்களிடம் இ.எஸ்.ஐ. கார்டு இருக்கிறது. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவர்கள் இவர்கள். இவர்களுக்குப் பிரசவ லீவுப் பணத்தை முதலாளி தருவதில்லை. இ.எஸ்.ஐ. நிறுவனம் தருகிறது.

இது தெரியாமல் சில பெண்கள் முதலாளியிடம் கேட்டு, "எங்களிடம் கிடையாது" என்ற பதிலை வாங்கிக் கொண்டு, அதோடு விட்டு விடுகிறார்கள். முதலாளி சொன்னது பொய் அல்ல. கேட்ட இடம்தான் தவறு.

சம்பளத்தில் 100 ரூபாய்க்கு 75 காசு தொழிலாளியிடம் பிடிக்கிறார்கள். 3 ரூபாய் 25 காசு முதலாளி கட்டுகிறார். அந்தப் பணத்திலிருந்துதான் இது வருகிறது. பிரசவத்துக்கு முந்திய இரண்டு சந்தா காலங்களில், அதாவது ஏறக்குறைய ஒரு வருஷத்தில், 70 நாளுக்குச் சந்தா கட்டியிருந்தால் போதும். 26 வாரத்துக்கு முழுச் சராசரிச் சம்பளம். இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் வைத்தியமும் உண்டு. கார்டு நம்பரையும் டாக்டர் சர்டிபிகேட்டையும் கொண்டு போய், இ.எஸ்.ஐ. கிளை ஆபீசில் கேட்க வேண்டும். பணம் பாங்கிக் கணக்கில் ஏறும்.

சம்பள ரசீதில் இ.எஸ்.ஐ. பிடித்தம் என்று ஒரு வரி இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். பிடித்த பணத்தைக் கட்டாமல் வைத்திருக்கும் முதலாளிகளும் உண்டு. அது தெரிய வருவது பெரும்பாலும் பிரசவ சமயத்தில்தான். அப்போது அலைவதை விட இப்போது ஒரு தடவை விசாரித்து வைப்பது சுலபம்.

வளைகாப்போடு ஒரு கடிதம்

ஏழாம் மாதம் வந்தால் வீட்டில் வளைகாப்புக்கு நாள் பார்க்கிறார்கள். மாமியார் ஒரு பக்கம் பட்சணத்துக்குச் சொல்கிறார். தாய் வீட்டிலிருந்து வளையல் வருகிறது. அந்த அமளியில் ஒரு சிறு கடிதத்தை மறந்துவிடுகிறார்கள். லீவு நோட்டீஸ்தான் அது. இப்படி எழுதலாம்:

"ஐயா, நான் தங்கள் ஆலையில் வேலை செய்து வருகிறேன். எனக்கு இன்ன தேதியில் பிரசவம் ஆகும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இன்ன தேதி முதல் நான் பேறுகால லீவில் இருப்பேன். லீவுக் காலத்தில் வேறு எங்கும் வேலை செய்ய மாட்டேன். எனக்குச் சேர வேண்டிய பேறுகாலப் பணத்தை எனக்கோ, நான் குறிப்பிடும் என் கணவருக்கோ கொடுக்கும்படி கேட்டுக் கொள்கிறேன். டாக்டர் சர்டிபிகேட் இத்துடன் இருக்கிறது."

கீழே கையெழுத்து, தேதி. இரண்டு பிரதி எழுத வேண்டும். ஒன்றைக் கொடுத்து, மற்றதில் "பெற்றுக் கொண்டேன்" என்று கையெழுத்து வாங்கிக் கொள்ள வேண்டும்.

"வேறு எங்கும் வேலை செய்ய மாட்டேன்" என்ற வரி சும்மா இல்லை. லீவுப் பணம் வாங்கிக் கொண்டு இன்னோர் இடத்தில் வேலைக்குப் போனால் பணம் கேட்கும் உரிமை போய்விடும்.

முன்னால் எழுதிக் கொடுக்கத் தவறிவிட்டால்? பிரசவம் ஆன பிறகும், கூடிய சீக்கிரம் எழுதிக் கொடுக்கலாம். நோட்டீஸ் கொடுக்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காகப் பணத்தை மறுக்க முடியாது.

கணவர் பெயரை எழுதுவதிலும் ஒரு காரணம் இருக்கிறது. சொல்ல மனம் வராத காரணம். பிரசவத்தில் தாய் இறந்து, பிள்ளை பிழைத்துவிட்டால், முழுக் காலத்துக்கும் உரிய பணத்தை அந்தப் பிள்ளைக்காகக் கொடுக்க வேண்டும் என்கிறது சட்டம். யாரிடம் கொடுப்பது என்பதற்கு அந்தக் கடிதத்தில் உள்ள பெயர்தான் வழிகாட்டி.

வேலையை விட்டு நிறுத்தினால்

லீவில் இருக்கும்போது வேலையை விட்டு நீக்குவது சட்ட விரோதம். அவள் இல்லாத சமயம் பார்த்துச் சம்பளத்தைக் குறைப்பதும், பதவியைத் தாழ்த்துவதும் அப்படியே.

இதைத் தெரிந்து வைத்திருக்கும் சில நிர்வாகங்கள் வேறு தந்திரம் செய்கின்றன. வயிறு தெரிய ஆரம்பித்ததும், "உடம்பைப் பார்த்துக் கொள் அம்மா, ராஜினாமா எழுதிக் கொடு, பிறகு வா, திரும்ப எடுத்துக் கொள்கிறோம்" என்று இனிமையாகப் பேசுகிறார்கள். பெண்ணும் நம்பி எழுதிக் கொடுத்துவிடுகிறாள். ராஜினாமாக் கடிதம் அவள் கையெழுத்தில் இருக்கிறது. பிறகு எந்தக் கோர்ட்டுக்குப் போனாலும் அது குறுக்கே நிற்கும். லீவுக் கடிதம் எழுதுங்கள். ராஜினாமாக் கடிதம் எழுதாதீர்கள்.

கர்ப்பமாக இருக்கும்போது நீக்கிவிட்டார்கள் என்றால், 60 நாளுக்குள் தொழிலாளர் துறையின் அதிகாரியிடம் அப்பீல் செய்யலாம். நீக்கிய பிறகும் பேறுகாலப் பணத்தைக் கேட்கும் உரிமை அவளுக்கு உண்டு. பெரிய ஒழுங்கீனம் செய்து, அதற்காக எழுத்து மூலம் உரிமையை ரத்து செய்திருந்தால்தான் இல்லை. பணத்தைக் கொடுக்காத முதலாளிக்குத் தண்டனை உண்டு.

முதலாளிகள் பக்கத்தையும் பார்க்க வேண்டும். இ.எஸ்.ஐ. இல்லாத இடங்களில் 26 வாரச் சம்பளமும் முதலாளியின் பெட்டியிலிருந்தே வருகிறது. 12 பேர் வேலை செய்யும் சிறு கம்பெனியில் இது இலேசான பாரம் அல்ல. அதனால், புதிதாகக் கல்யாணம் ஆன பெண்ணை வேலைக்கு எடுக்கவே யோசிக்கிறார்கள். உரிமை கொடுத்த சட்டமே வேலைக்கு இடைஞ்சலாகவும் ஆகிறது. சர்க்கார் பெரும் பங்கை ஏற்க வேண்டும் என்று 1928-ல் அம்பேத்கர் சொன்னார் அல்லவா? 2000-ம் ஆண்டில் உலகத் தொழிலாளர் அமைப்பும், இந்தச் செலவைத் தனி முதலாளி தலையில் கட்டாமல், காப்பீட்டு நிதியிலிருந்தோ பொதுப் பணத்திலிருந்தோ கொடுங்கள் என்றுதான் ஒப்பந்தம் போட்டது. நம் நாட்டில் இ.எஸ்.ஐ.க்கு வெளியே அது இன்னும் நடக்கவில்லை.

சர்க்கார் ஊழியர்களும் மற்றவர்களும்

தமிழ்நாட்டு சர்க்கார் வேலையில் இருக்கும் பெண்களுக்குத் தனி விதி. ஒரு காலத்தில் 90 நாள் லீவு இருந்தது. 2011-ல் 6 மாதம் ஆயிற்று. 2016-ல் 9 மாதம். 2021 ஜூலை முதல் 12 மாதம். இரண்டு பிள்ளை வரைதான் என்பது அதில் நிபந்தனை.

இந்த நிபந்தனையில் சிக்கிக் கொண்டார் ஓர் ஆசிரியை. முதல் கல்யாணத்தில் இரண்டு குழந்தைகள். விவாகரத்து ஆகிவிட்டது. குழந்தைகள் தகப்பனாரிடம் வளர்கிறார்கள். ஆசிரியை மறுமணம் செய்து கொண்டார். மறுமணத்தில் ஒரு குழந்தை. லீவு கேட்டபோது, "இது மூன்றாவது பிரசவம், லீவு கிடையாது" என்று சொல்லிவிட்டார்கள். வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று. 2025 மே மாதம் தீர்ப்பு. ஆசிரியைக்கு லீவு கொடுக்க வேண்டும் என்று உத்தரவாயிற்று. ஜனத்தொகையைக் கட்டுப்படுத்துவதும், தாய்க்கு ஓய்வு கொடுப்பதும் ஒன்றுக்கொன்று பகை அல்ல என்று நீதிபதிகள் கருதினார்கள்.

எந்த முதலாளியும் இல்லாத பெண்கள்தான் பாக்கி. களை எடுப்பவள், கீரை விற்பவள், வீட்டு வேலை செய்பவள். நாட்டில் உழைக்கும் பெண்களில் பெரும்பாலோர் இவர்களே. 26 வாரம் என்ற பேச்சே இவர்களுக்குக் கிடையாது. யாரிடம் போய்க் கேட்பது?

தமிழ்நாட்டில் இவர்களுக்கு இருப்பது டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரால் உள்ள மகப்பேறு உதவித் திட்டம். 1987-ல் 300 ரூபாயில் தொடங்கியது. 2006-ல் 6,000 ஆயிற்று. 2011-ல் 12,000. 2018-ல் 18,000. இந்த 18,000-ல் 14,000 ரூபாய் ரொக்கம். மீதி 4,000 ரூபாய்க்கு ஊட்டச் சத்துப் பொருள்கள் கொண்ட பெட்டகம். ஏழைத் தாய்மார்களுக்கு, முதல் இரண்டு பிரசவத்துக்கு. 19 வயது நிரம்பியிருக்க வேண்டும். கர்ப்பம் என்று தெரிந்ததும் கிராம சுகாதார நர்சிடம் பெயர் பதிவு செய்து நம்பர் வாங்க வேண்டும். அந்த நம்பர் இல்லாமல் பணம் வராது. நலவாரியத்தில் பதிவு செய்து கொண்ட தொழிலாளிப் பெண்களுக்கு வாரியத்திலும் மகப்பேறு உதவி உண்டு.

திரும்பி வந்த பிறகு

26 வாரம் முடிந்து வேலைக்குத் திரும்பும்போது பிள்ளைக்கு நாலு மாதம், ஐந்து மாதம் ஆகியிருக்கும். தாய்ப்பால் குடிக்கும் பருவம்தான்.

பிள்ளைக்கு 15 மாதம் ஆகும் வரை, தினமும் இரண்டு தடவை பால் கொடுக்கத் தாய்க்கு நேரம் கொடுக்க வேண்டும். இது சாப்பாட்டு நேரத்தில் சேராது. இதற்காகச் சம்பளம் பிடிக்கக் கூடாது. 50 பேர் வேலை செய்யும் இடம் என்றால் பிள்ளைகளைப் பார்த்துக் கொள்ளக் குழந்தைகள் காப்பகம் வேண்டும். தாய் ஒரு நாளில் நாலு தடவை அங்கே போய்ப் பிள்ளையைப் பார்த்து வரலாம். வீட்டிலிருந்தே செய்யக் கூடிய வேலையாக இருந்தால், முதலாளியோடு பேசிக் கொண்டு சில காலம் வீட்டிலிருந்தும் செய்யலாம்.

காப்பகம் இருக்கிறதா என்று வேலையில் சேரும்போதே கேட்டு வைக்கலாம். இந்தச் சட்டத்தில் என்னென்ன சலுகை உண்டு என்பதை, வேலையில் சேரும் ஒவ்வொரு பெண்ணுக்கும் முதலாளி எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்றே விதி இருக்கிறது. அந்தக் காகிதம் கைக்கு வராவிட்டால், கேட்டு வாங்கி, லீவுக் கடிதத்தின் பிரதியோடு பெட்டியில் பத்திரமாக வைத்துக் கொள்ளலாம்.